முடக்கறுத்தல்: குழந்தைகளின் மூட்டுநோயும் கடன்வாங்கிய மருந்துகளும்

மூட்டுவலியை முதியவர்களின் நோய் என்றே நம் மொழி பதிந்துவைத்திருக்கிறது. வாதம் என்றால் தைலம், தைலம் என்றால் திண்ணை, திண்ணை என்றால் கிழவர் என ஒரு சங்கிலி நம் கதைகளிலும் அன்றாடப் பேச்சிலும் அறுபடாமல் வருகிறது. ஆகவே நான்கு வயதுக் குழந்தை காலையில் எழுந்து நொண்டினால் யாருக்கும் வாதம் நினைவுக்கு வருவதில்லை. விளையாடும்போது விழுந்திருப்பாள் என்கிறோம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் சுளுக்கு நீவிவிடுபவரிடம் தூக்கிச் செல்கிறார்கள். முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் குழந்தை அழவில்லை. பத்து மணிக்கெல்லாம் மற்ற பிள்ளைகளோடு மணலில் ஓடுகிறது. மறுநாள் காலை மீண்டும் நொண்டல். காலையில் இறுகி நண்பகலில் இளகும் இந்த விசித்திரத்தைப் பார்க்கும் பெரியவர்கள், பள்ளிக்குப் போகாமலிருக்கப் பிள்ளை நடிக்கிறது என்றும் சொல்வதுண்டு.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுபவர்கள் டச்சுக் கல்லறைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். மண்டையோடு செதுக்கிய கற்களைக் காட்ட மாணவர்களை நானும் அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால் ஒரு கரையின் வரலாறு அங்கே வந்து இறங்கிய கப்பல்களால் மட்டும் ஆனதல்ல. அக்கரையில் பிறந்த ஒரு குழந்தையின் முழங்காலுக்கு மருந்து எங்கிருந்தெல்லாம் புறப்பட்டு, எத்தனை ஆண்டு தாமதித்து வந்து சேர்ந்தது என்பதும் வரலாறுதான். அதில் ஒரு பகுதி நம் சென்னையிலேயே தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரியாது.

முதலில் பெயர். நம் சித்த மருத்துவத்தில் வாதத்துக்குப் பஞ்சமில்லை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கிறது. குழந்தைகளுக்கென்றே பாலவாகடம் இருக்கிறது. மாந்தம், கணம், தோடம் என அது வகுத்த சொற்களில் சில இன்றும் நம் பாட்டிமார் நாவில் உண்டு. வேலியில் படரும் ஒரு கொடிக்கு முடக்கறுத்தான் என்று பெயரிட்ட சமூகம் இது. முடக்கை அறுப்பது அதன் வேலை என்று பெயரிலேயே எழுதிவைத்தவர்கள், முடங்கிய மூட்டை நெருங்கிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், இரணவைத்தியம் முதலான நூல்களைக் கொண்டுவந்தபோது பட்ட பாடெல்லாம் சொல்லுக்கான பாடுதான். பிற்காலத்தில் நமக்குக் கிடைத்த ‘அழற்சி’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. அழல் என்ற வேரிலிருந்து வருகிறது. மேலை மருத்துவம் இதற்கு ஆளும் லத்தீன் சொல்லின் வேரிலும் நெருப்பே இருக்கிறது. வீங்கிய மூட்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்த இரு வேறு மக்கள் ஒரே உவமைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆயினும் குழந்தைகளுக்கே உரிய மூட்டழற்சி, பெரியவர்களுடையதிலிருந்து வேறான தனி நோய் என்று விரிவாக நிறுவப்பட்டது 1897இல்தான். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்ற மருத்துவர், முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே, 22 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சில குழந்தைகளுக்கு மூட்டு மட்டுமல்லாமல் நெறி கட்டுகிறது, மண்ணீரல் பெருக்கிறது, காய்ச்சல் வருகிறது என்று அவர் கவனித்து எழுதினார். இன்று உடல் முழுவதையும் தாக்கும் இளம்பருவ மூட்டழற்சி என்று சொல்லப்படுவது அதுவே. பெரியவர்களுக்கு அந்நோய் வரும்போது இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 22 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரிய நோய்களின் வரலாறு இப்படிப்பட்ட சிறிய எண்களால் ஆனது.

அதே 1897ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் ஆஸ்பிரினைத் தூய வடிவில் உருவாக்கினார். நோய்க்குப் பெயரும் மருந்தும் ஒரே ஆண்டில் கிடைத்துவிட்டன என்று மகிழத் தோன்றும். ஆஸ்பிரின் வலியையும் வீக்கத்தையும் குறைத்தது, மூட்டு அரிக்கப்படுவதை நிறுத்தவில்லை. அதை எவ்வளவு கொடுப்பது என்பதற்கு மருத்துவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: காதில் இரைச்சல் கேட்கும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போவது, இரைந்ததும் சற்றுக் குறைப்பது. மூன்று வயதுக் குழந்தை தன் காதுக்குள் இரைகிறது என்று எப்படிச் சொல்லும்? பெரியவர்களின் மருந்தைக் குழந்தைக்கு வெட்டித் தைக்கிற இந்தத் தையல் வேலை அன்று தொடங்கியது, இன்றும் முற்றாக முடியவில்லை.

இந்த நோய்களுக்கான மருந்துகளின் வரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஏறத்தாழ எதுவுமே இக்குழந்தைகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1929இல் பிரான்சின் ஜாக் பாரஸ்டியே மூட்டழற்சிக்குத் தங்கச் சத்து ஊசி போட்டார். காசநோய்க் கிருமியைத் தங்கம் அழிக்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது, மூட்டழற்சியும் காசநோய் போன்றதே என்று அவர் எண்ணினார். எண்ணம் பிழை, ஆனால் சிலருக்குக் குணம் தெரிந்தது. மலேரியா மருந்தான மெபாக்ரின் லூபஸ் என்னும் தோல், மூட்டு, சிறுநீரகம் யாவற்றையும் தாக்கும் நோயைத் தணிப்பதை 1951இல் ஒருவர் கவனித்தார். அதன் வழியில் வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் இன்று லூபஸ் உள்ள பெரும்பாலான சிறுமிகளின் மருந்துப் பையில் இருக்கிறது. (மலேரியாவுக்காக நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனா வளர்த்த கதையை இங்கே இழுத்தால் கட்டுரை மலையேறிவிடும்.)

கடன்வாங்கிய மருந்துகளில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது கார்ட்டிசோன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அதைச் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு. உலகமெங்கும் மருத்துவர்கள் குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். முகம் நிலாப்போல உருண்டது, எலும்பு மெலிந்தது, உயரம் நின்றுபோனது. காய்ச்சலும் வீக்கமும் அடங்கிய குழந்தை பத்து வயதில் ஆறு வயதின் உயரத்தில் நிற்கும். உயிரைக் காத்த மருந்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இன்றும் இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்போதோ தசையழற்சியில் குழந்தை தலையைத் தூக்க இயலாமல் கிடக்கும்போதோ முதலில் கை போவது ஸ்டீராய்டுக்குத்தான். ஆனால் அதன் ஒளி மிகுதியாக இருந்தது. அந்த ஒளியில் பக்கத்தில் இருந்த இன்னொரு மருந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த மருந்தின் கதைக்குச் சென்னைக்கு வரவேண்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதராலான அறுவை அங்கியை உடுத்திக்கொண்டு போனதால் அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்பீல்டின் கோபத்துக்கு ஆளானார் என்றும், அதனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டமே கிடைத்தது என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அரசு வேலை இல்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்தார். அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டுபோயிற்று. அவரையும் அந்நோய் பிடித்தது, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். 1920களின் தொடக்கத்தில் மாமனார் தந்த பணத்தையும் அறக்கட்டளை ஒன்றின் உதவியையும் நம்பிப் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவேயில்லை.

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்குடன் சேர்ந்து அவர் வகுத்த பாஸ்பரஸ் கணக்கிடும் முறை இன்றும் உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடம். நிரந்தரப் பதவி அங்கே கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. இந்த அமிலத்தின் தடயத்தை முன்னமே பிடித்தவர் பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளிப் பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவோடும் தொடர்புள்ள சத்து அது என்பதால் சுப்பாராவுக்கு அதில் தனிப்பட்ட கணக்கு ஒன்று இருந்தது என்று கருத இடமுண்டு. உயிரணு பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. அப்படியானால் அதைப்போலவே தோற்றமளித்து, அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுக்கும் போலி ஒன்றைச் செய்தால்? அக்குழு செய்த அத்தகைய போலிகளில் ஒன்று அமினோப்டெரின், அதன் உடன்பிறப்பு மெதோட்ரெக்சேட். பாஸ்டனில் சிட்னி பார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53.

கதை இங்கே வளைகிறது. 1951இல் அமெரிக்காவில் கப்னர் என்பவரும் துணைவர்களும் அமினோப்டெரினை மூட்டழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்தனர், மூட்டு வீக்கம் வற்றியது. கட்டுரை வெளியாயிற்று. யாரும் பொருட்படுத்தவில்லை. கார்ட்டிசோனுக்கு நோபல் பரிசு கிடைத்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. புற்றுநோய்க்கான நஞ்சை மூட்டுவலிக்குக் கொடுப்பானேன் என்று தோன்றியிருக்கலாம். பெரியவர்களின் மூட்டழற்சிக்கு மெதோட்ரெக்சேட் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1988இல். குழந்தைகளுக்கு அது வேலை செய்கிறது என்று முறையான ஆய்வொன்று காட்டியது 1992இல். முதலில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட ஒரு மருந்துக்குலம், மூட்டு முடங்கிய குழந்தைகளிடம் வந்து சேர நாற்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாற்பது ஆண்டுகளில் வளைந்து நின்றுவிட்ட முழங்கால்களையும் வளராமல் போன தாடைகளையும் எந்த நூலும் எண்ணி வைக்கவில்லை. அறிவு இல்லாமையால் நேர்ந்த தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அச்சில் ஏறிய அறிவு அலமாரியில் கிடந்த தாமதம் இது.

1992ஆம் ஆண்டு ஆய்வு எட்வர்ட் ஜியானினியும் பிறரும் அமெரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் 127 குழந்தைகளிடம் நடத்தியது. (கட்டுரை வெளிவரும்போது சோவியத் ஒன்றியம் இல்லை.) அரிய நோய்க்கு ஆய்வு செய்ய ஒரு நாட்டின் குழந்தைகள் போதவில்லை, பனிப்போரின் இரு தரப்பும் சேர வேண்டியிருந்தது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு வாரம் 10 மில்லிகிராம் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினர் தேறினர், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர். இந்த ஒரு ஒப்பீட்டின்மீதுதான் இன்றைய அன்றாட மருத்துவத்தின் பெரும்பகுதி நிற்கிறது.

அன்றாடம் என்று சொன்னேன். அது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். நம் நாட்டு மருத்துவருக்கு வீங்கிய மூட்டோடு ஒரு குழந்தை வந்தால் முதலில் நினைவுக்கு வருவது தொண்டைக் கிருமியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இரண்டாவது காசநோய். இரண்டும் நியாயமான சந்தேகங்களே. முன்னது இதய வால்வைக் கெடுப்பது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு ஆண்டுக்கணக்கில் தடுக்க வேண்டியது. பின்னது நம் குடியிருப்புகளை இன்னும் விட்டுப் போகாதது. போதாததற்குச் சிக்குன்குனியா. 1964இல் சென்னையில் பரவி, பின்பு நெடுங்காலம் மறைந்திருந்து, 2006இல் திரும்பி வந்து ஊர் ஊராக மூட்டுகளை இறுக்கியது. ரத்தப் புற்றுநோயும் சில குழந்தைகளிடம் மூட்டுவலியாகவே முகம் காட்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் இளம்பருவ மூட்டழற்சி என்ற பெயருக்கு வரமுடியும். ஒற்றைப் பரிசோதனையில் இதைச் சொல்லும் ரத்தச் சோதனை கிடையாது. பதினாறு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு வாரமாவது நீடித்திருக்க வேண்டும், வேறு காரணம் இருக்கக்கூடாது என்பது இலக்கணம். ருமாட்டிக் காய்ச்சலின் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, சில வாரத்தில் சுவடின்றி நீங்கிவிடும். இதுவோ வந்த மூட்டில் குடியிருக்கும். ஆறு வாரம் என்பது அகராதியில் சிறிய சொல்தான். கூலி வேலையை விட்டுவிட்டு மறுபடி மறுபடி வரவேண்டிய பெற்றோருக்கு அது நீண்ட காலம்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்து, பொன்னேரியிலிருந்து புறநகர் ரயில். மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சுப்பாராவ் படித்த மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும். இந்தியாவில் மூட்டுநோயியலைத் தனித் துறையாக வளர்த்த தொடக்ககால இடங்களில் அது ஒன்று, ஏ. என். சந்திரசேகரன் பெயர் அவ்வரலாற்றில் முதலில் நிற்கும். குழந்தைகள் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போவார்கள். தூரம் பெரிதன்று. ஆனால் ஏரியின் நாட்காட்டி வேறு. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்கள் பாடு என்ற முறைப்படி குடும்பங்களுக்குச் சுழற்சியில் வருகின்றன. தன் முறை வரும் நாளில் வலை போடாவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். என்னிடம் படித்த ஏரிக்கரை மாணவி ஒருத்திக்கு ஏழு வயதில் தொடங்கிய மூட்டழற்சி. முதலில் காட்டிய ஓரிடத்தில் காசநோய் என்று சொல்லிப் பல மாதம் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பின்பு சரியான பெயர் கிடைத்து, மாதந்தோறும் சென்னைக்குப் போகத் தொடங்கியபோது, மருத்துவமனை நாளும் அப்பாவின் பாடு நாளும் ஒன்றாக விழுந்த மாதங்களை அவள் இன்றும் வரிசையாகச் சொல்வாள். அப்பா ஏரிக்குப் போனார், அம்மா அவளோடு ரயிலேறினார். எழுதப்படிக்கத் தெரியாத அம்மா, எந்த மாத்திரை எந்த நாளில் என்பதைத் துணிமுடிச்சுப் போட்டு நினைவு வைத்திருந்தாராம்.

அந்த முடிச்சு வேடிக்கையான விஷயமில்லை. மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மருந்து. தவறிப்போய் நாள்தோறும் கொடுத்தால் வாய் புண்ணாகி, எலும்பு மச்சை வற்றி, உயிரே போகலாம். நம் மக்களுக்கு மாத்திரை என்றால் காலை, மாலை, சாப்பாட்டுக்குப் பின் என்பதே பழக்கம். ஆகவே விவரமறிந்த மருத்துவர்கள் சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதிவிட்டு நிற்பதில்லை, ஞாயிறு என்றோ புதன் என்றோ கிழமையை எழுதுகிறார்கள். அம்மாவைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். மறுநாளோ மற்ற நாட்களிலோ போலிக் அமிலம். சுப்பாராவின் குழு செய்த அசலும் போலியும் ஒரே மருந்துப் பொட்டலத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் காட்சி இது. முன்னது நோயின் பெருக்கத்தைத் தடுக்கிறது, பின்னது அதனால் வரும் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்கிறது. பொட்டலத்தின் உள்ளே இருக்கும் தாளைப் படித்துவிட்டோ பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியில் தேடிவிட்டோ ‘இது கேன்சர் மாத்திரையாமே’ என்று பதறி நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. புற்றுநோய்க்குத் தரும் அளவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை விளக்க மருத்துவருக்குச் சில நிமிடம் வேண்டும். நெரிசலான புறநோயாளர் பிரிவில் அந்தச் சில நிமிடம்தான் அரிய பொருள்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதைக் கொடுப்பவன். உரையாசிரியர்கள் முதல் மூவரைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசுவார்கள். வகுப்பில் நானும் நான்காமவரை விரைவாகக் கடந்துபோவதே வழக்கமாக இருந்தது. இந்தப் பிள்ளைகளின் மருத்துவத்தில் நான்காமவர்தான் பெரும் பங்கு செய்கிறார். காலையில் வெந்நீர் ஒத்தடம், இறுகிய முட்டியை நீட்டி மடக்கும் பயிற்சி, ரத்தச் சோதனைக்கு அழைத்துப்போவது, பள்ளி ஆசிரியரிடம் தரையில் உட்கார வைக்காதீர்கள் என்று கெஞ்சுவது எல்லாம் அவர் பொறுப்பு.

படுக்கையே மருந்து என்று நம்பிய காலமும் இருந்தது. மூட்டைச் சாந்துக் கட்டில் அடைத்து மாதக்கணக்கில் கிடத்துவார்கள். 1947க்குப் பின் இங்கிலாந்தின் டாப்லோவில் எரிக் பைவாட்டர்ஸும் பார்பரா ஆன்செலும் நடத்திய குழந்தைகள் பிரிவு அந்தப் பழக்கத்தை மெல்ல மாற்றியது. பிள்ளைகளை நடக்கவும் நீந்தவும் விட்டார்கள். இன்று ஓரிரு மூட்டில் மட்டும் நோயுள்ள குழந்தைக்கு, மயக்கம் கொடுத்து அந்த மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு அனுப்புகிறார்கள். பல மாதம் நோய் அடங்கிக் கிடக்கிறது, உடலின் மற்றப் பகுதிக்குக் கேடில்லை. வீங்கிய முழங்காலுக்கு ரத்தம் மிகுந்து பாய்வதால் அந்தக் கால் மற்றதைவிட நீளமாக வளர்ந்துவிடும் என்பது எனக்குப் புதிய செய்தி. நோயுற்ற கால் சூம்பும் என்றுதானே நினைப்போம்?

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நோய் சில குழந்தைகளின் விழியின் உட்பகுதியில் அழற்சியை உண்டாக்கும். சிவப்பில்லை, வலியில்லை, குழந்தை முறையிடுவதுமில்லை. பார்வை போன பிறகே தெரியவரும். ஆகவே எந்தக் குறையும் தெரியாத கண்ணை மூன்று மாதத்துக்கொருமுறை விளக்குக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மூட்டு மருத்துவர் கண் மருத்துவரிடம் போகச் சொன்னால், தம்மைத் தட்டிக்கழிக்கிறார் என்று பெற்றோர் எண்ணிக்கொள்வதுண்டு.

இதுவரை சொன்னவை மெல்ல நகரும் நோய்கள். விரைந்து ஓடும் ஒன்றும் இக்குடும்பத்தில் இருக்கிறது. 1961 ஜனவரியில் டோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனையில் டொமிசாகு கவாசாகி நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்தார். விடாத காய்ச்சல், பீளையில்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு, வீங்கிப் பின்பு தோலுரிந்த விரல்நுனிகள். எந்த நூலிலும் அப்படி ஒன்று இல்லை. நோய் தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். ஆறாண்டு காத்திருந்து 50 குழந்தைகளைச் சேர்த்து 1967இல் வெளியிட்டார். மூத்தவர்கள் ஏற்கவில்லை. இந்நோய் இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பலூன்போல வீங்கச் செய்வது பின்னர் தெளிவாயிற்று. மருத்துவம் செய்யாவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இது நேரும். பல்லாயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலினைப் பத்து நாளுக்குள் செலுத்தினால் அந்த ஆபத்து இருபதில் ஒன்றாகக் குறையும் என்பதை 1980களில் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அளவு, எடைக்கிலோவுக்கு 2 கிராம். 15 கிலோ குழந்தைக்கு 30 கிராம், அதாவது 5 கிராம் குப்பிகள் ஆறு. ஒவ்வொரு குப்பியும் ஆயிரக்கணக்கில் விலை. கூடவே ஆஸ்பிரின். மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்கு அஞ்சி 1980களில் குழந்தைகளிடமிருந்து விலக்கப்பட்ட ஆஸ்பிரின், இந்த ஒரு வாசல் வழியாக இன்னும் உள்ளே வருகிறது.

2020இல் இந்தப் பெயர் மீண்டும் எழுந்தது. கோவிட் தொற்றிய சில குழந்தைகளிடம் கவாசாகி நோயை ஒத்த கடும் அழற்சி தோன்றுவதை ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் அறிவித்தார்கள். சென்னையில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை எஸ். பாலசுப்ரமணியனும் துணைவர்களும் இம்யூனோகுளோபுலினும் டோசிலிசுமாபும் கொடுத்துப் பிழைக்கவைத்து, அதே ஆண்டு இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் அறிக்கைகளில் அது ஒன்று. தொடர்ந்து சென்னையின் நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து 19 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டன. ஸ்டில் 22, கவாசாகி 50, சென்னை 19. டோசிலிசுமாபும் ஜப்பானிலிருந்து வந்ததே, ஒசாகாவின் கிஷிமோட்டோ கண்டறிந்த அழற்சித் தூதைத் தடுக்கும் மருந்து. ஸ்டில் எழுதிய நோய்க்கு ஜப்பான் அதை 2008இல் ஏற்றது. கவாசாகி அந்த 2020 ஜூனில், 95 வயதில் காலமானார்.

டோசிலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகள்தாம் இந்த வரலாற்றின் அண்மை அத்தியாயம். எடனெர்செப்ட் என்னும் ஊசி குழந்தைகளின் மூட்டழற்சியில் பலன் தருவது 2000ஆம் ஆண்டு ஆய்வில் தெரிந்தது. மெதோட்ரெக்சேட்டுக்கு அடங்காத நோய் இவற்றுக்கு அடங்குகிறது. நம் நாட்டில் இரண்டு தடைகள். ஒன்று, உடலின் பாதுகாப்பைத் தளர்த்தும் இம்மருந்து உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். ஊசிக்கு முன் அதைத் தேடிப் பார்த்தாக வேண்டும். மற்றொன்று விலை. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் ஸைடஸ் கடிலா அடாலிமுமாபின் ஒத்த வடிவத்தை உலகிலேயே முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது முதல் விலை இறங்கியிருக்கிறது. ஏரியில் இறால் விலையோடு ஒப்பிட்டால் இன்னும் உயரத்தில்தான். ஆகவே நம் மருத்துவர்கள் மேலை நாட்டு வழிகாட்டுதல்களை அப்படியே பின்பற்றுவதில்லை. மெதோட்ரெக்சேட்டை முழு அளவுக்கு உயர்த்திப் பார்க்கிறார்கள், மூட்டில் ஊசி போடுகிறார்கள், உயிரியல் மருந்தைச் சில மாதம் மட்டும் கொடுத்து நோயை அடக்கி நிறுத்துகிறார்கள், இங்கேயே செய்யப்படும் டோபாசிடினிப் மாத்திரையை நாடுகிறார்கள். நூல்கள் இதைச் சமரசம் என்று எழுதலாம். எனக்கு இது சமையலறைச் சிக்கனம்போலத் தோன்றுகிறது, இருப்பதைக்கொண்டு பந்தியை நடத்திவிடுகிற திறமை.

எப்போது நிறுத்துவது என்பதற்கு மட்டும் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. வீக்கம் வற்றி ஓராண்டோ அதற்கு மேலோ ஆனபின் மருந்தை விலக்கிப் பார்க்கிறார்கள், அப்படி விலக்கிய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. எந்தப் பாதி என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்றுவரை இல்லை. அந்த மாணவிக்குப் பதினேழு வயதில் ஒருமுறை நிறுத்தியிருக்கிறார்கள், எட்டு மாதம் கழித்து இடது மணிக்கட்டில் திரும்பி வந்தது. மீண்டும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. சென்ற ஆண்டு இரண்டாம் முறையாக நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் இரு மணிக்கட்டையும் மடக்கிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை என்று எழுதியிருந்தாள்.